பூச்சாடியில் பூக்கள் சாயாமல் நிற்க: தண்டைப் பிடித்து நிறுத்தும் வழிகள்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: வாய் அகலமான, உயரமான கண்ணாடி ஜாடி. அதில் ரோஜா, லில்லி, சாமந்தி என்று பதினைந்து இருபது பூக்களை வைத்தால் எல்லாம் விளிம்பை நோக்கிச் சரிந்து நடுவில் பள்ளம் விழுந்துவிடுகிறது. ஒன்றை நிமிர்த்தினால் இன்னொன்று புரள்கிறது. ஒருநாள் இரவு ஜாடியே கவிழ்ந்து மேசை முழுக்கத் தண்ணீர். பூக்கடைகளில் தண்டுகளைக் குத்தி நிறுத்த வைக்கும் பச்சை ஃபோம் இல்லாமல் இதற்கு வழி உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. ஃபோம் என்று ஒன்று வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பிருந்தே மனிதர்கள் பூக்களை அசையாமல் நிறுத்தியிருக்கிறார்கள். முறைகளுக்குப் போகும் முன், தண்டு ஏன் புரள்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது பிடிபட்டுவிட்டால் எந்த ஜாடிக்கு எது சரிவரும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அகலமான ஜாடியில் ஒரே ஒரு ரோஜாவைப் போட்டுப் பாருங்கள். தண்டின் அடி, ஜாடியின் தரையில் ஓர் இடத்தைத் தொடும். மேலே விளிம்பில் இன்னோர் இடத்தில் சாயும். இரண்டே இரண்டு பிடிகள். இதில் தண்டு உள்ளே விழுந்துவிடாது, ஆனால் நிலையாக நிற்கவும் செய்யாது. அடி வழுக்கும். மேல்பகுதி விளிம்பின் வளைவிலேயே பக்கவாட்டில் உருளும். போதாததற்குப் பூவின் தலை கனமானது, அதனால் கனமான பக்கம் கீழே வரும்வரை தண்டு தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். முகம் தெரியும்படி நீங்கள் வைத்த பூ ஐந்தே நிமிடத்தில் முதுகைக் காட்டுவது இதனால்தான். மூன்றாவதாக ஓரிடத்தில், அதுவும் முதல் இரண்டுக்கும் வேறான உயரத்தில் ஒரு பிடி கிடைத்துவிட்டால் தண்டு வைத்த இடத்தில் நிற்கும். கீழே சொல்லப்போகும் எல்லா முறைகளும் அந்த மூன்றாவது பிடியை எதைக் கொண்டு தருவது என்பதைப் பற்றியவைதான்.

எந்தக் கருவியும் வேண்டாத வழி, தண்டுகளையே ஒன்றுக்கொன்று பிடியாக ஆக்குவது. பலரும் பூவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. முதலில் இலைக்கிளைகள். யூகலிப்டஸ், ரஸ்கஸ் போல உறுதியான, கிளைவிட்ட தண்டுகளாக ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிளையை இடப்பக்கம் சாயும்படி வையுங்கள், ஆனால் அதன் அடி வலப்பக்க மூலையில் போய் முட்ட வேண்டும். அடுத்தது நேர் எதிர்: மேலே வலப்பக்கம், அடி இடப்பக்க மூலை. மூன்றாவது முன்னிருந்து பின்னுக்கு, நான்காவது பின்னிருந்து முன்னுக்கு. ஒவ்வொரு முறையும் ஜாடியைக் கால் சுற்று திருப்பிக்கொண்டே வையுங்கள். ஆறாவது கிளை உள்ளே போகும்போது விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு வலை உருவாகியிருப்பது கண்ணுக்கே தெரியும். இனி அந்த வலையின் கண்களுக்குள் பூத்தண்டைச் செருகினால் அது அடி, வலை, விளிம்பு என்று மூன்று இடங்களில் பிடிபட்டு நிற்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை எல்லாரும் கிள்ளி எடுக்கச் சொல்வார்கள். எடுக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அழுகித் தண்ணீர் நாறும். ஆனால் இலையைக் கிள்ளும்போது சிறுகிளை பிரியும் கவட்டைகளையும் சேர்த்து வழித்துவிடாதீர்கள். மொழுமொழுவென்ற தண்டு வழுக்கும். கவட்டையுள்ள தண்டு பக்கத்துத் தண்டில் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். ரோஜாவின் முள்ளுக்கும் இதே பயன் உண்டு. கையைக் குத்தாத அளவுக்கு மேல்பகுதி முட்களை மட்டும் நீக்கிவிட்டு, தண்ணீருக்குள் போகும் பகுதியின் முட்களை நான் விட்டுவைப்பேன். முள்ளை உரித்தெடுத்தால் அந்த இடத்தில் தண்டின் தோல் கிழியும், அதன் வழியே கிருமி ஏறும்.

இதன் இன்னொரு வடிவம் கையிலேயே கட்டும் சுருள் கட்டு. ஜாடிக்குள் எதையும் அமைக்காமல் பூங்கொத்தையே தானாக நிற்கும்படி கட்டிவிடுவது. இடது கையில் ஒரு தண்டைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தண்டைச் சற்றுச் சாய்த்து, தலை இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் இருக்கும்படி அதன்மேல் வையுங்கள். அதற்கடுத்ததும் அதே சாய்வில். கொத்தைக் கொஞ்சம் திருப்புங்கள், மறுபடியும் அதே சாய்வு. எல்லாத் தண்டும் ஒரே திசையில் சாய வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்றே ஒன்று எதிர்த்திசையில் புகுந்தாலும் அது மற்றவற்றின் குறுக்கே மாட்டி, கட்டும்போது ஒடியும். முடிந்ததும் பார்த்தால் மேலே பூக்கள் விரிந்தும், நடுவில் இடுப்பு ஒடுங்கியும், கீழே கால்கள் விரிந்தும் இருக்கும். இடுப்பில் சணல் கயிற்றாலோ நாராலோ நாலு சுற்று சுற்றிக் கட்டி, கால்களை ஒரே மட்டமாக வெட்டினால் கொத்து மேசைமீது தானாகவே நிற்கும். அப்படி நிற்கும் கொத்து எந்த ஜாடிக்குள்ளும் நிற்கும். கட்டு விழும் இடம் ஜாடியின் விளிம்பு மட்டத்துக்கு வரும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டு மிக மேலே போனால் கொத்து விறைப்பாகத் தெரியும், மிகக் கீழே போனால் பூக்கள் ஜாடிக்குள் அமுங்கிவிடும். முதல் ஐந்தாறு தடவை கை ஒத்துழைக்காது. பூவை வீணாக்காமல் வெறும் குச்சிகளையோ பென்சில்களையோ வைத்துப் பழகுங்கள், நானும் அப்படித்தான் கற்றேன்.

சரி, தண்டுகள் குறைவாக இருக்கின்றன, ஜாடியின் வாயோ அகலம். அப்போது டேப் கட்டம். ஒளிபுகும், நீர் தாங்கும் மெல்லிய டேப் வேண்டும். சாதாரண செலோடேப் ஈரம் பட்டால் ஒரே நாளில் உரிந்துவிடும். பூ வேலைக்கென்றே சுமார் 6 மில்லிமீட்டர் அகலத்தில் வருகிறது, அது கிடைத்தால் நல்லது. ஜாடியின் விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து உலர விடுங்கள். வாயின் குறுக்கே மூன்று பட்டை, அவற்றுக்குக் குறுக்கே மூன்று பட்டை. இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருந்தால் ரோஜா, கார்னேஷன் போன்றவற்றுக்குச் சரியாக இருக்கும். சூரியகாந்தி, ஹைட்ரேஞ்சா என்றால் கட்டத்தைப் பெரிதாக விடுங்கள். பட்டைகளின் நுனி விளிம்புக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் மட்டும் இறங்கட்டும். கடைசியாக அந்த நுனிகளின் மேல் விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டிவிட்டால் எதுவும் கழன்று வராது. பலர் இந்தக் கடைசிச் சுற்றை விட்டுவிட்டு, டேப் நிற்கவே இல்லை என்று வருந்துகிறார்கள். தண்ணீரை டேப் ஒட்டிய பிறகு ஊற்றுங்கள். ஈர விளிம்பில் எந்த டேப்பும் ஒட்டாது. வெளியே இறங்கிய நுனிகளை ஓர் இலை தாழ்ந்து மறைத்துவிடும்.

டேப் கட்டத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது கழுத்தை மட்டும் பிடிக்கிறது. அடி இன்னும் தரையில் வழுக்கலாம். அதனால் டேப் போட்ட ஜாடியிலும் முதலில் இரண்டு மூன்று இலைக்கிளைகளைக் குறுக்கே விட்டுவிட்டுப் பிறகு பூவுக்குப் போங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப்பலன்.

வெளியே தெரியாத, அதாவது பீங்கான், மண், உலோக ஜாடி என்றால் எனக்கு மிகவும் பிடித்தது கம்பிவலை. கோழிக்கூண்டு அடைக்கப் பயன்படுத்துவார்களே, அறுகோணக் கண் உள்ள அதே வலைதான். கண்ணின் அகலம் 5 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். சிறு கண்ணாக இருந்தால், மடித்த பிறகு தண்டு நுழைய வழியே இருக்காது. ஜாடியின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு துண்டு வெட்டி, கையுறை போட்டுக்கொண்டு, தலையணையைச் சுருட்டுவதுபோல் தளர்வான பந்தாகச் சுருட்டி உள்ளே இறக்குங்கள். இறுக்கிக் கசக்கிவிடக் கூடாது. இதன் அருமை என்னவென்றால், தண்டு உள்ளே இறங்கும்போது மூன்று நான்கு அடுக்கு வலையைக் கடக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பிடி. தரைவரை போகாத குட்டைத் தண்டுகூட அந்தரத்தில் நிற்கும். கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் நீட்டும் கிளையும் நிற்கும். வலை ஜாடிக்குள் சுழலாமல் இருக்க, வாயின் குறுக்கே பெருக்கல் குறிபோல டேப் ஒட்டிவிடுங்கள். பச்சைப் பூச்சுள்ள வலை துருப்பிடிக்காது, ஜாடியையும் கீறாது. கழுவி வைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற மலர் அலங்காரக் கலைஞர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை (1886–1960) இந்தக் கம்பிவலையை நம்பித்தான் தன் பெரிய வேலைகளைச் செய்தார். அவர் காலத்தில் பூ என்றால் ஒரே வகைப் பூ, விறைப்பான வரிசை என்று இருந்தது. அவரோ காட்டுக்கொடி, காய்கறி இலை, விதைக்கூடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து, நாலாபக்கமும் வழிந்து விழும்படி அமைத்தார். 1953ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத் முடிசூட்டு விழாவின் மலர் அலங்காரத்திலும் அவர் பங்கு பெரியது. அப்படிச் சுதந்திரமாகத் தெரியும் அலங்காரத்துக்கு உள்ளே இறுக்கமான பிடி வேண்டும். உள்ளே உறுதி இருந்தால்தான் வெளியே பூவை அதன் போக்கில் விட முடியும். அவருடைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மறைந்திருக்கும் கம்பிவலைதான் நினைவுக்கு வரும்.

ஆழமில்லாத தட்டு, கிண்ணம் என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அதற்கு ஜப்பானியர்களின் கென்சான். கனமான ஈய அடித்தட்டில் பித்தளை ஊசிகள் நெருக்கமாக நிற்கும் சிறு முள்மெத்தை அது. பெயருக்கே வாள்மலை என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹாரா உன்ஷின் என்ற ஜப்பானிய மலர் அலங்காரக் கலைஞர், ஆழமில்லாத பாத்திரத்தில் பூக்களைக் குவித்து வைக்கும் மொரிபானா என்ற பாணியைத் தொடங்கினார். ஜாடியின் சுவரே இல்லாத அந்தப் பாணியில், தண்டு சாய இடமில்லாததால், அடியில் கவ்விப் பிடிக்கும் கருவி தேவைப்பட்டது. இங்கே மூன்று பிடியும் அடியிலேயே கிடைத்துவிடுகின்றன, ஏனென்றால் ஒரு தண்டுக்குள் ஒரே நேரத்தில் பல ஊசிகள் இறங்குகின்றன.

கென்சானைப் பயன்படுத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு அதை அப்படியே கிண்ணத்தில் வைத்துவிடுவது. ஒரு பக்கம் கனமான கிளை சாய்ந்தால் கென்சானே தூக்கிக்கொண்டு விழும். கிண்ணமும் கென்சானும் எலும்புபோல் உலர்ந்திருக்கும்போது, நீரில் கரையாத, பிசுபிசுப்பான ஃப்ளோரல் க்ளேயை மெல்லிய கயிறுபோல் உருட்டி, கென்சானின் அடியில் வட்டமாக ஒட்டி, கிண்ணத்தில் அழுத்தி லேசாகத் திருகுங்கள். அதன் பிறகு கிண்ணத்தைத் தூக்கினாலும் அது நகராது. பெரிய கிளை ஒரு பக்கம் நீட்டுகிறது என்றால், இன்னொரு கென்சானைத் தலைகீழாகக் கவிழ்த்து, முதல் கென்சானின் எதிர்ப்பக்க விளிம்பின்மேல் எதிர்எடையாக ஏற்றிவிடலாம்.

தண்டை எப்படி வெட்டுவது என்பது இங்கே முக்கியம். மென்மையான தண்டை மட்டமாக வெட்டி நேராகக் கீழே அழுத்துங்கள். மரத்தண்டைச் சரிவாக வெட்டுங்கள், தடிமனாக இருந்தால் அடியில் கூட்டல் குறிபோலப் பிளந்துவிடுங்கள், அப்போதுதான் ஊசி இறங்கும். எதுவானாலும் முதலில் நேராகக் குத்தி நிறுத்திவிட்டு, பிறகு அடியைப் பிடித்துக்கொண்டு வேண்டிய பக்கம் மெல்லச் சாய்த்துவிடுங்கள். சாய்த்தபடியே குத்தினால் ஊசி வளையும், பிடியும் கிடைக்காது. மிக மெல்லிய தண்டு ஊசிகளுக்கு இடையில் நழுவிவிடுகிறதா? தடிமனான வேறொரு தண்டின் சிறு துண்டை வெட்டி, அதன் நடுவில் மெல்லிய தண்டைச் செருகி, இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். அல்லது நாலைந்தை நூலால் கட்டி ஒரே தண்டாக்கிவிடுங்கள். தண்ணீர் எப்போதும் ஊசி முனைக்கு மேலே நிற்க வேண்டும். அடித்தட்டு ஈயம் என்பதால் அந்தத் தண்ணீரை வளர்ப்புப் பிராணிகள் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையாண்ட பிறகு கையைக் கழுவுங்கள்.

ஜப்பானிய மரபில் கென்சானைவிடப் பழைய முறைகள் இருக்கின்றன, உங்கள் உயரமான ஜாடிக்கு அவை இன்னும் பொருத்தம். கியோட்டோவின் ரொக்காக்குடோ கோயிலில் வேரூன்றிய இக்கெனோபோ என்ற மலர் அலங்கார மரபில், பெரிய அலங்காரங்களுக்கு வைக்கோலை இறுக்கிக் கட்டி ஜாடிக்குள் திணித்து அதில் தண்டுகளைக் குத்துவார்கள். உயரமான ஜாடிகளுக்குக் குபாரி என்று ஒன்று உண்டு. ஜாடியின் உள் அகலத்தைவிட ஒரு நூல் அளவு நீளமான பச்சைக்குச்சியை எடுத்து, விளிம்புக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே குறுக்கே அழுத்திப் பொருத்துவது. ஒற்றைக்குச்சி, கூட்டல் குறி, ஒய் வடிவக் கவட்டை என்று பல வகை. வாயை அது சிறு சிறு அறைகளாகப் பிரித்துவிடுகிறது. எல்லாத் தண்டுகளையும் ஒரே அறைக்குள் நெருக்கி விட்டால், ஜாடியின் பெரும்பகுதி வாய் காலியாக இருந்தும் பூக்கள் அசையாது. அந்த வெற்றிடமே ஓர் அழகு. பச்சைக்குச்சியாக இருந்தால் சற்றே வளைந்து கொடுத்து இறுகும், காய்ந்த குச்சி வழுக்கும். ஆனால் மெல்லிய கண்ணாடி ஜாடியில் இதைச் செய்யாதீர்கள். குச்சி தண்ணீரில் ஊறி உப்பும்போது கண்ணாடி விரிசல் விடலாம். மண், பீங்கான், மூங்கில், உலோகத்துக்குத்தான் இது.

கூழாங்கல், கோலிக்குண்டு, கண்ணாடி மணி போடுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அடிப்பிடிக்கும், ஜாடிக்கு அடியில் எடை சேர்க்கவும் அவை நல்லவை. ஆனால் தண்டை வைத்துவிட்டு மேலிருந்து கல்லைக் கொட்டினால் தண்டு நசுங்கும். கண்ணாடியும் உடையலாம். கால் பங்கு கல்லை ஜாடியைச் சாய்த்துப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டு, தண்டுகளை ஊன்றி, பிறகு கைப்பிடி கைப்பிடியாக மீதியை நிரப்புங்கள். கற்களைக் கொதிநீரில் கழுவிவிட்டுப் போடுங்கள். நீரில் ஊறிப் பெருக்கும் நிறநிறமான ஜெல் மணிகளைக் குழந்தைகள் உள்ள வீட்டில் நான் ஒருபோதும் வைக்க மாட்டேன். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் அவை உப்பிக் குடலை அடைக்கும்.

கண்ணாடி ஜாடி மிக அகலமாக இருந்து பூ மிகக் குறைவாக இருந்தால் எளிய வழி, உள்ளே ஒரு சிறு டம்ளரை வைத்து அதில் பூக்களை அடுக்குவது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் கூழாங்கல்லோ நீளமான இலையையோ நிரப்பிவிட்டால் உள்டம்ளர் தெரியாது.

ஃபோமைப் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்மிதர்ஸ் நிறுவனம் ஓயாசிஸ் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தபோது பூ வேலையே மாறிப்போனது. எந்தக் கோணத்தில் குத்தினாலும் நிற்கும், தண்ணீரையும் தானே தேக்கி வைக்கும். ஆனால் அது ஃபீனால்-ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். உதிரும் தூள் கண்ணுக்குத் தெரியாத நுண்பிளாஸ்டிக்காகத் தண்ணீரோடு போகிறது, அதை நீர்வாழ் உயிர்கள் உண்கின்றன என்று மெல்போர்ன் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் தன் மலர்க்கண்காட்சிகளில் 2021 முதல் ஃபோமுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. அதைத் தவிர்க்க நினைக்கும் உங்கள் முடிவு சரியானது. வேறு வழியின்றிப் பயன்படுத்துபவர்கள், அதைத் தண்ணீரில் அமுக்காமல் தானாக மூழ்க விடுங்கள். அமுக்கினால் உள்ளே காற்று தங்கி, அங்கே குத்திய பூ வாடும். குத்திய தண்டை உருவி அதே துளையில் மறுபடி குத்தினாலும் அடியில் காற்றிடம் விழுந்து இதே கதைதான். ஊறிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் துணியில் வடிகட்டித் தூளைக் குப்பையில் போடுங்கள்.

இனி உங்கள் ஜாடி ஏன் இரவில் கவிழ்ந்தது என்ற விஷயத்துக்கு வருகிறேன். பிடிமானமும் சமநிலையும் வேறு வேறு. தண்டுகள் உள்ளே உறுதியாக நின்றாலும் மொத்தமாக எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் கனத்தால் ஜாடி விழும். மொத்த எடையின் மையத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டால் அது ஜாடியின் அடிப்பரப்புக்குள் விழ வேண்டும், வெளியே போனால் கவிழும். இரவில் நடப்பது இதுதான்: பூக்கள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு லிட்டர் குறைந்தால் அடியிலிருந்து ஒரு கிலோ போய்விட்டது என்று பொருள். அதே நேரத்தில் மேலே லில்லி மொட்டுகள் விரிந்து, தலை வெளிப்பக்கம் சாய்கிறது. அடி இலேசாகிறது, மேல் கனக்கிறது. மாலையில் நின்றது விடியற்காலையில் விழுகிறது. புதிதாக வைத்த முதல் நாளில்தான் பூக்கள் மிக அதிகமாகக் குடிக்கும் என்பதால் அன்றிரவு படுக்கும் முன் ஒரு முறை தண்ணீரைப் பார்த்து நிரப்பிவிடுங்கள்.

வாய் அகன்று அடி குறுகிய ஜாடிக்கு மட்டும் இந்த விதி சற்று மாறும். அதில் விளிம்புவரை நிரப்பினால் தண்ணீரின் எடையே மேலே ஏறிவிடும். மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்தி, அடியில் கல் போடுங்கள். உயரத்துக்குப் பலரும் சொல்லும் கணக்கு, ஜாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு பூ வெளியே தெரியலாம் என்பது. ஜப்பானின் சோகெட்சு மலர் அலங்காரப் பள்ளியில் ஜாடியின் அகலம், உயரம் இரண்டையும் கூட்டி அதில் ஒன்றரை மடங்கை முதன்மைக் கிளையின் நீளமாகத் தொடக்கத்தில் கற்றுத்தருகிறார்கள். கனமான ஜாடியில் தாராளமாகக் கூட்டலாம், மெல்லிய கண்ணாடியில் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய, கனமான பூக்களைத் தாழ்வாக, விளிம்பு மட்டத்தை ஒட்டி வையுங்கள். மேலே உயர்பவை இலேசானவையாக இருக்கட்டும்.

சில பூக்களுக்குப் பிடி சரியாக இருந்தும் தண்டே துவண்டுவிடும். தண்டை நிமிர்த்தி வைப்பது அதன் செல்களில் நிறைந்த தண்ணீரின் அழுத்தம். அதனால் வாங்கி வந்ததும் அடியில் இரண்டு சென்டிமீட்டர் சரிவாக வெட்டி, ஆழமான தண்ணீரில் சில மணி நேரம் குளிர்ந்த இடத்தில் நிற்க வைத்துவிட்டு அப்புறம்தான் அலங்காரத்தைத் தொடங்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாமல் செய்யும் எதுவும் நிற்காது. ரோஜாவின் கழுத்து மடிந்துவிட்டால், தண்டுக்குள் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீருக்குள் வைத்தே அடியை மறுபடி வெட்டி, கழுத்து நிமிர்ந்திருக்கும்படி காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஓரிரண்டு மணி நேரம் விடுங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும். ஜெர்பெராவின் தண்டு ரோமம் படர்ந்தது, ஆழமான தண்ணீரில் சீக்கிரம் அழுகும். அதற்கு ஆறேழு சென்டிமீட்டர் தண்ணீர் போதும், தலை தொங்காமல் இருக்க மெல்லிய கம்பியைத் தண்டோடு சுற்றிவிடலாம். அமரில்லிஸின் தண்டு உள்ளே வெறும் குழாய். ஒரு மெல்லிய குச்சியை உள்ளே ஏற்றி, அடியைப் பஞ்சால் அடைத்து, நுனி பிளந்து சுருளாமல் ஒரு ரப்பர் வளையம் போடுங்கள். துலிப் இருக்கிறதே, அது வெட்டிய பிறகும் ஜாடிக்குள் சில சென்டிமீட்டர் வளரும், வெளிச்சத்தை நோக்கி வளையும். அதைக் கட்டிப்போட முடியாது. மற்ற பூக்களைவிடக் குட்டையாக வைத்து, வளர இடம் விட்டு, ஜாடியைத் தினமும் ஒரு முறை திருப்பி வைத்தால் போதும்.

தண்ணீர் மாற்றும்போது எல்லாம் கலைந்துவிடுமே என்ற பயம் வேண்டாம். டேப்போ வலையோ போட்ட ஜாடியை அப்படியே குழாயின் கீழ் வைத்து, ஒரு பக்கமாகத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பழைய தண்ணீர் வழிந்து வெளியேறித் தெளிவாகும்வரை ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும். பூக்கள் முடிந்ததும் கம்பிவலை, கென்சான், கற்கள் எல்லாவற்றையும் சில துளி ப்ளீச் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி முழுவதும் உலர வையுங்கள். போன பூவின் அழுக்கு அடுத்த பூவின் தண்டை அடைக்கும்.

உங்கள் ஜாடிக்கு நான் செய்வது இதுவாக இருக்கும். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிய கூழாங்கல். உலர்ந்த விளிம்பில் மூன்றுக்கு மூன்று டேப் கட்டம், சுற்றி ஒரு பட்டை. முக்கால் அளவு தண்ணீர். குறுக்கும் நெடுக்குமாக ஐந்து இலைக்கிளைகள், ஒவ்வொன்றின் அடியும் எதிர் மூலையில். பிறகு லில்லியைத் தாழ்வாக, நடுவுக்கு அருகில், மொட்டுகள் விரிய இடம் விட்டு. ரோஜாக்கள் அதைச் சுற்றி, ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில். சாமந்தி கடைசியில், இடைவெளிகளில். எல்லாம் முடிந்ததும் ஜாடியின் தோளில் விரலை வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். பூக்கள் ஒன்றாக ஆடி ஒன்றாக நின்றால் சரி. ஏதாவது ஒரு பூ மட்டும் தனியாக ஆடினால் அதற்கு மூன்றாவது பிடி கிடைக்கவில்லை. அதை உருவி அடுத்த கட்டத்தில், இன்னொரு கிளையின் கவட்டைக்குள் இறக்குங்கள்.